ஜகத் சேட் பட்டம்: வாரிசுக்குத் தானாக வந்ததா, டெல்லி தந்தால்தான் வந்ததா?

செம்புக்காசு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு வங்காளத்தைப் பற்றி எந்த நூலைப் புரட்டினாலும் முர்ஷிதாபாத்தின் ஜகத் சேட் வந்து நிற்கிறார். 1742-இல் மராத்தியர் சூறையாடியது ஜகத் சேட்டின் வீட்டை. 1757-இல் நவாப் சிராஜ் உத் தௌலாவுக்கு எதிராக ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவோடு கைகோத்தவர்களில் ஒருவர் ஜகத் சேட். 1763-இல் பின்னாளைய நவாப் மீர் காசிமின் ஆணையால் உயிரிழந்தவர் ஜகத் சேட். அதற்குப் பிறகும் கம்பெனியிடம் பழைய பாக்கியைக் கேட்டு நிற்பவர் ஜகத் சேட்தான்.

ஒரே ஆள் இத்தனை இடத்திலும் இருந்திருக்க முடியாது; எனவே இது ஒரு வணிகக் குடும்பத்தின் பரம்பரைப் பட்டம் என்று புரிகிறது. ஆனால் அது எப்படிக் கைமாறியது என்பதை எந்த நூலும் தெளிவாகக் கூறவில்லை. தந்தை இறந்தவுடன் மகன் தானாகவே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டாரா, அல்லது ஒவ்வொரு முறையும் டெல்லியிலிருந்து சன்னது, அதாவது பேரரசரின் பட்டயம், வரவேண்டியிருந்ததா? பட்டத்தோடு நிலமோ மானியமோ ஏதேனும் உரிமையோ சேர்ந்து வந்ததா? கடைசியாக அதைத் தாங்கியவர் யார்?

நம் பக்கத்தில் 1929-இல் அண்ணாமலைச் செட்டியாருக்கு அளிக்கப்பட்ட செட்டிநாட்டு ராஜா பட்டம், தொடக்கத்திலேயே பரம்பரைப் பட்டம் என்று கூறப்பட்டு, அவருக்குப் பின் முத்தையாச் செட்டியாருக்குச் சென்றது. ஜகத் சேட் பட்டமும் அந்த வகையைச் சேர்ந்ததுதானா என்பதை அறிய விரும்புகிறேன். விவரம் அறிந்தோர் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழங்கணக்கு

பல பாடநூல்கள் ஆளின் பெயரைக் கூறாமல் பட்டத்தை மட்டும் கூறிவிட்டு நகர்வதால் நேரும் குழப்பம் இது. ஆகவே ஆட்களின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

இவர்கள் மார்வாரின் நாகௌர் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஓஸ்வால் சமணர்கள். ஹீரானந்த் சாஹு என்பவர் 1652-இல் அங்கிருந்து பாட்னாவுக்குக் குடிபெயர்ந்தார். வெடியுப்பு வணிகம் கொழித்த ஊர் அது. ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு முன்பணம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்ததால் வட்டிக்கடை வைப்பவருக்கு அதைவிட நல்ல இடம் கிழக்கே வேறு இருந்திருக்காது. அவருடைய மக்களில் ஒருவரான மாணிக் சந்த் டாக்காவில் கடை விரித்தார். வங்காளத்தின் வருவாய் அதிகாரியான திவானாக இருந்த முர்ஷித் குலி கான், இளவரசர் அசீம் உஷ் ஷானோடு ஏற்பட்ட பகையால் வருவாய்க் கச்சேரியை டாக்காவிலிருந்து பாகீரதிக் கரைக்கு மாற்றியபோது, மாணிக் சந்தும் அவரோடு இடம்பெயர்ந்து மகிமாபூரில் மாளிகை எழுப்பினார். கச்சேரி சென்ற அந்தப் பாகீரதிக் கரை ஊர்தான் திவானின் பெயரால் முர்ஷிதாபாத் ஆனது. பேரரசர் பரூக்சியர் மாணிக் சந்துக்கு வழங்கியது ‘சேட்’ என்ற பட்டம் மட்டுமே.

‘ஜகத் சேட்’ என்ற பட்டத்தை முதலில் பெற்றவர் அவருடைய உறவுப் பிள்ளையும் சுவீகாரப் புதல்வருமான ஃபதே சந்த். 1723 வாக்கில் பேரரசர் முகம்மது ஷா அதை அவருக்கு அளித்தார். ஃபதே சந்தின் மக்கள் அவருக்கு முன்பே இறந்துவிட்டதால், 1744-இல் அவர் காலமானபோது கோத்தி, அதாவது குடும்பத்தின் வட்டிக்கடை நிறுவனம், பேரன்மார் இருவரின் கைக்கு வந்தது. மூத்தவர் மஹ்தாப் சந்துக்கு ஜகத் சேட் பட்டமும், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரான சுவரூப் சந்துக்கு மகாராஜா பட்டமும் பேரரசரிடமிருந்து வந்தன.

தாங்கள் கேட்ட முதல் ஐயத்திற்கு விடை இங்கேயே இருக்கிறது. மொகலாய ஆட்சியில் பட்டம் என்பது பேரரசர் ஓர் ஆளுக்கு அளிக்கும் மரியாதை. அந்த ஆள் மறைந்தால் அதுவும் முடிந்துவிடும். வாரிசு காணிக்கை செலுத்தி வேண்டிக்கொள்ள, பேரரசர் விரும்பினால் புதிதாக அளிப்பார். சேட் குடும்பத்திற்கு அது மறுக்கப்படாமல் தொடர்ந்து கிடைத்ததால் நடைமுறையில் பரம்பரைப் பட்டமாயிற்று. சட்டப்படி அது ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிய கொடை. செட்டிநாட்டு ராஜா பட்டம் அப்படிப்பட்டதன்று. ‘இவருக்கும் இவர் வாரிசுகளுக்கும்’ என்பது அங்கே முதல் நாளிலேயே முடிவான செய்தி.

நாணயக்குறிப்பு

நண்பர் பழங்கணக்கு வம்சவழியைத் தெளிவாக வைத்துவிட்டார். பட்டத்தோடு சேர்ந்து வந்த உரிமை என்ன என்ற இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தில் இந்தப் பொருளின் உயிர்நிலை அதுதான். சேட்டுகளை அரண்மனைச் சூழ்ச்சிக்காரர்களாக மட்டும் சித்திரிப்போர் இதைத் தொடாமலே போய்விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

பட்டத்தால் மட்டும் அந்தக் குடும்பத்திற்குப் பணம் வரவில்லை. பணம் வந்தது இரண்டு வாசல்களின் வழியே: ஒன்று முர்ஷிதாபாத் நாணயச்சாலை, மற்றொன்று நவாபின் கஜானா.

நாணயச்சாலையை எடுத்துக்கொள்வோம். அக்காலத்து வெள்ளி ரூபாயில் பேரரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டில் அடித்த சிக்கா ரூபாய்க்குத்தான் முழு மதிப்பு. ஆண்டு திரும்பியதும், எடையும் மாற்றும் துளியும் குறையாத அதே ரூபாய்க்கு வட்டம், அதாவது கழிவு, பிடிக்கத் தொடங்குவார்கள். வங்காளக் கணக்கில் ‘நடப்பு ரூபாய்’ என்றொரு ஏட்டளவான அலகு இருந்தது. முதலாண்டில் 100 சிக்கா ரூபாய்க்கு 116 நடப்பு ரூபாய் வரவு வைத்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 113 ஆனது, மூன்றாம் ஆண்டு முதல் 111 ஆகி நின்றது. கிஸ்தி (நிலவரித் தவணை) கட்ட வரும் ஜமீன்தார் மூட்டையில் கொண்டுவருவது பல ஊர்களின், பல ஆண்டுகளின் கலப்பு ரூபாய். கஜானா எதிர்பார்ப்பதோ புதுச் சிக்கா. இடையே அமர்ந்து, காசை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் பிரித்து, வட்டம் கழித்து, பழையதை உருக்கிப் புதியதாக அடித்துத் தருபவருக்கு எவ்வளவு இலாபம் கிடைத்திருக்கும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த இடத்தில் அமர்ந்திருந்தது சேட்டுகளின் கோத்தி.

கம்பெனியார் கப்பலில் கொண்டுவந்த வெள்ளிக்கட்டிகளையும் பெரும்பாலும் இவர்களிடமே விற்கவேண்டியிருந்தது. 1717-ஆம் ஆண்டுப் பர்மானில் (பேரரசாணையில்) ஆங்கிலேயருக்கு முர்ஷிதாபாத் நாணயச்சாலையைப் பயன்படுத்தும் சலுகையைப் பரூக்சியர் எழுத்தில் அளித்தும், நவாபான முர்ஷித் குலி கான் அதை நடைமுறைக்கு வரவிடவில்லை. ஃபதே சந்த் நவாபுக்கு வேண்டியவராக இருக்கும்வரை அந்தச் சலுகை கைகூடப்போவதில்லை என்பதைக் கம்பெனியின் காசிம்பஜார் பண்டகசாலையார் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். பேரரசரின் பர்மானே செல்லாத ஓரிடத்தில் ஒரு வணிகரின் உரிமை செல்லுபடியாயிற்று என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

கஜானாவின் வழி வேறு விதமானது. வங்காளம் ஆண்டுதோறும் டெல்லிக்குச் செலுத்த வேண்டிய கப்பம் சுமார் ஒரு கோடி ரூபாய். அவ்வளவு வெள்ளியை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலோடு அனுப்புவதைவிட, சேட்டுகளின் டெல்லிக் கிளையில் மாற்றிக்கொள்ளும்படி ஓர் உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) எழுதி அனுப்புவது நவாபுக்கு எளிது. நம் நகரத்தார் ரங்கூனிலிருந்து உண்டியல் எழுதிய முறையின் மூத்த வடிவம்தான் இது. கிஸ்தி தவறிய ஜமீன்தார்களுக்காகக் கஜானாவில் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் வட்டியோடு வசூலித்தவர்களும் இவர்களே. இதனால் ஜமீன்தார்கள், நவாப், கம்பெனி ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே கோத்தியின் பேரேட்டில் கடன்காரர்களாக இருந்தார்கள்.

தாங்கள் குறிப்பிட்ட 1742 கொள்ளையைப் பற்றியும் ஒரு சொல். மீர் ஹபீபும் மராத்தியரும் சேட்டின் மாளிகையிலிருந்து இரண்டு கோடி ரூபாயை எடுத்துச் சென்றதாகப் பாரசீக மொழியில் எழுதப்பட்ட அக்கால வரலாற்று நூல் கூறுகிறது. அந்த ரூபாய்கள் ஆர்க்காட்டு ரூபாய்கள். ஆர்க்காட்டு நவாபின் முத்திரையோடு அந்த ரூபாயை அடிக்கும் உரிமையைப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் 1736-இலும், சென்னையில் ஆங்கிலேயர் 1742-இலும் பெற்றிருந்தார்கள். சோழமண்டலக் கரையில் அடித்த நாணயம் கப்பலேறி வங்காளத்தில் புழங்கிற்று. அங்கே அது அயலூர் ரூபாய் என்பதால் அதற்கும் வட்டம் உண்டு. வட்டத்திற்கு வாங்கி அடுக்கி வைத்திருந்த சரக்கு அது.

செம்புக்காசு

இருவருக்கும் மிக்க நன்றி. வட்டம் பிடிக்கும் முறையை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. இப்போது இன்னொரு கேள்வி எழுகிறது. பணம் நாணயச்சாலையிலிருந்துதான் வந்தது என்றால் பட்டத்திற்கு என்ன பயன்? அகமதாபாத்தில் ‘நகர்சேட்’ என்ற பட்டமும் ஒரே குடும்பத்தில் நிலைத்திருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் பேரரசர் அளித்ததா?

மேற்குக்கரை

நகர்சேட்டைப் பற்றி நான் கூறுகிறேன். அது வேறு மண்ணில் வேரூன்றியது.

அந்தக் குடும்பத்தின் மூலவர் சாந்திதாஸ் ஜவேரி, அவரும் ஓஸ்வால் சமணர், அரண்மனைக்கு நகை விற்ற வைர வணிகர். ஷாஜகானிடம் அவருக்கு இருந்த செல்வாக்கிற்கு ஒரு சான்று போதும். அவர் சரஸ்பூரில் கட்டிய சிந்தாமணி பார்சுவநாதர் கோயிலை, குஜராத்தின் சுபேதாராக (ஆளுநராக) இருந்த இளவரசர் ஔரங்கசீப் 1645-இல் மசூதியாக மாற்றியபோது, கட்டடத்தை உரியவரிடமே திருப்பி அளிக்குமாறு 1648-இல் ஷாஜகான் ஆணையிட்டார். பின்னர் அரியணைப் போருக்காக இளவரசர் முராத் அந்தக் குடும்பத்திடம் ஐந்தரை லட்சம் ரூபாய் கடன் பெற்றார். முராதைச் சிறையிலிட்ட ஔரங்கசீப், அந்தக் கடனைத் தீர்க்கும்படி பர்மான் பிறப்பித்தார்.

ஆயினும் நகர்சேட் என்ற தலைமையைத் தாங்கி நிறுத்தியவர்கள் அகமதாபாத்தின் மகாஜனங்கள், அதாவது தொழில்வாரியாக அமைந்த வணிகச் சங்கங்கள். சங்கங்களுக்கிடையே வழக்கு வந்தால் தீர்ப்பவர் நகர்சேட். அதிகாரிகளின் கொடுமைக்கு எதிராகக் கடையடைப்பு நடந்தால் ஊருக்காகப் பேசுபவரும் அவரே. 1725-இல் மராத்தியப் படை நகரைக் கொள்ளையிட நின்றபோது, சாந்திதாஸின் பேரர் குஷால்சந்த் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பினார். அதற்கு நன்றியாக, நகரில் முத்திரையிடப்படும் சரக்கில் 100 ரூபாய் மதிப்புக்கு நான்கணா வீதம் அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றென்றும் செலுத்துவதாக வணிகர்களே கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தார்கள். வணிகர்கள் தங்களுக்குள் ஒருவருக்குப் பரம்பரை வருவாய் எழுதிவைத்த இந்த நிகழ்ச்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஜகத் சேட்டுக்கு முர்ஷிதாபாத் வணிகர்கள் இப்படி எதையும் எழுதித் தரவில்லை. அவர்களுக்கும் அவருக்கும் இருந்த உறவு கடன் உறவு. நகர்சேட் குடும்பம் ஆட்சிகள் பல மாறியும் ஊரில் மதிப்பிழக்காமல் இருந்ததற்கும், ஆலையதிபர் கஸ்தூர்பாய் லால்பாய் போன்றோர் அந்த வழியில் தோன்றியதற்கும் இந்த வேறுபாடு ஒரு காரணம் என்பது என் துணிபு.

மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. பம்பாயின் பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1842-இல் நைட் பட்டத்தையும் 1857-இல் பாரோனெட் பட்டத்தையும் பெற்றார்; இரண்டையும் பெற்ற முதல் இந்தியர் அவர். பாரோனெட் பட்டம் ஆண்வழி வாரிசுக்குச் சட்டப்படி தானாகவே செல்லும். பட்டம் மட்டும் சென்று பணம் கரைந்துபோனால் குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதி, 1860-இல் அதற்கென்றே ஒரு தனிச்சட்டம் இயற்றி, சொத்தை அறங்காவலர் பொறுப்பில் கட்டிவைத்தார்கள். பட்டத்திற்கு வரும் ஒவ்வொருவரும் தம் இயற்பெயரை விடுத்து ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பெயரையே ஏற்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் விதி. மகன் கர்செட்ஜி இரண்டாம் பாரோனெட் ஆனபோது அவரும் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஆனார். தங்களுக்கு ஜகத் சேட்டில் நேர்ந்த பெயர்க் குழப்பம் பம்பாயில் சட்டத்தாலேயே உருவாக்கப்பட்டது என்று கூறலாம்.

பழங்கணக்கு

பட்டத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு, பட்டம் பறிபோகாமல் மற்றவை பறிபோன காலத்தைப் பார்த்தாலே விடை தெரியும்.

பிளாசிப் போருக்குச் சில மாதங்களுக்கு முன், 1757 பிப்ரவரி உடன்படிக்கையில், கல்கத்தாவில் சொந்தமாக நாணயம் அடிக்கும் உரிமையைச் சிராஜிடமிருந்து கம்பெனி பெற்றுவிட்டது. சேட்டுகளின் முதல் வாசல் அன்றைக்கே பாதி அடைபட்டது. போர் முடிந்த சில நாட்களில், புதிய நவாபான மீர் ஜாபர் ஆங்கிலேயருக்கு வாக்களித்த தொகையை எப்படிக் கொடுப்பது என்ற பேச்சு நடந்தது மஹ்தாப் சந்தின் மாளிகையில்தான்; பாதியை உடனேயும் மீதியை மூன்றாண்டுகளிலும் கட்டுவதென்று அங்கே முடிவாயிற்று. அந்தக் குடும்பம் உச்சியில் இருந்த நாள் என்று பலர் அதைக் கூறுவார்கள். தன் கஜானாவை உறிஞ்சப்போகிறவர்களுக்குத் தானே தவணை வகுத்துக் கொடுத்த நாளாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

1763-இல் கம்பெனியோடு போர் மூண்டதும், சேட்டுகள் ஆங்கிலேயர் பக்கம் சாய்வார்கள் என்று ஐயுற்ற மீர் காசிம், மஹ்தாப் சந்தையும் சுவரூப் சந்தையும் முங்கேருக்குக் கொண்டுசென்று காவலில் வைத்தார். தோல்வி நெருங்கியபோது இருவரையும் கொல்லச் செய்தார். மஹ்தாபின் மகன் குஷால் சந்த் (அகமதாபாத் குஷால்சந்த் வேறு) இளம் வயதில் பொறுப்பேற்றார். 1766-இல் பேரரசர் ஷா ஆலம் அவருக்கு ஜகத் சேட் பட்டத்தை முறைப்படி அளித்தார். பேரரசரோ அப்போது டெல்லிக்கே திரும்ப இயலாமல் கம்பெனியின் பாதுகாப்பில் அலகாபாத்தில் இருந்தார்.

1765-இல் திவானி எனும் வருவாய் வசூல் உரிமை கம்பெனிக்கு வந்தபோது, முகம்மது ரேசா கான், துர்லப் ராம் ஆகியோருடன் குஷால் சந்தும் கஜானாப் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். பெட்டிக்கு மூன்று சாவிகள், மூவருக்கும் ஒவ்வொன்று. அதே ஆண்டின் இறுதியில் கிளைவ் அவரைக் கடிந்து கடிதம் எழுதினார். சாவி மூன்றாக இருந்தும் பணமெல்லாம் இன்னும் சேட்டின் வீட்டிலேயே இருக்கிறது என்பது ஒரு குறை. அரசுக்கே கிஸ்தி நிலுவையில் இருக்கும்போது, தந்தைக்குச் சேர வேண்டிய கடனைக் கேட்டு ஜமீன்தார்களை நெருக்குவது முறையன்று என்பது இன்னொன்று. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் வழக்கமாக நடந்துவந்தது திடீரென்று குற்றமாகிவிட்டது. அன்று அவர் ஜகத் சேட்தான், ஆனால் அந்தப் பெயரைக் கொண்டு அவரால் வசூலிக்க முடிந்த கடன் மிகக் குறைவு. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கஜானாவைக் கல்கத்தாவுக்கு மாற்றினார். அத்தோடு இரண்டாம் வாசலும் மூடிற்று.

குஷால் சந்துக்குப் பின் ஹரக் சந்த். டெல்லியைக் கேட்காமல் ஆங்கிலேயரே பட்டத்தை அளித்தது இவரிடமிருந்து தொடங்குகிறது. பிறகு இந்திர சந்த். அவர் மகன் கோபிந்த் சந்த் காலத்தில் குடும்ப நகைகளை விற்றுச் சாப்பிடும் நிலை வந்து, முன்னோர் செய்த உதவியைக் கருதிக் கம்பெனி அவருக்கு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் அளித்தது. நவாபின் ஒரு கோடி ரூபாய்க் கப்பத்துக்கு உண்டியல் எழுதிய வீடு அது.

நாணயக்குறிப்பு

மேலே கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1793-இல் கம்பெனி ஓர் ஒழுங்குவிதியால், ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டு பொறித்த சிக்கா ரூபாயையே வங்காளத்தின் செல்லுபடியாகும் நாணயமாக்கிற்று. அதன்பின் எந்த ஆண்டில் அடித்தாலும் காசில் 19 என்றே இருக்கும். ஆண்டு மாறியதற்காக வட்டம் பிடிக்க வழியில்லை. இந்திர சந்த்களுக்குக் கோத்தியை மீட்டெடுக்கும் வாய்ப்பு ஏதேனும் எஞ்சியிருந்தால் அதையும் இந்த விதி முடித்துவைத்தது. சாதாரண குடியானவருக்கு இதனால் நன்மை என்பதையும் மறுக்கக்கூடாது; வட்டத்தின் சுமை கடைசியில் வந்து விழுந்தது அவர் தலையில்தான்.

நண்பர் செம்புக்காசு நூல்களைப் படிக்கும்போது ஆண்டைப் பார்த்து ஆளைப் பிரித்துக்கொள்ளலாம். 1744-க்கு முன் என்றால் ஃபதே சந்த். அதிலிருந்து 1763 வரை மஹ்தாப் சந்த். கம்பெனியிடம் பாக்கி கேட்பவர் குஷால் சந்த். பிளாசிப் பக்கங்களில் வரும் உமிசந்தை மட்டும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்துவிட வேண்டாம். அவர் பஞ்சாபிலிருந்து வந்து கல்கத்தாவில் பெருவணிகம் செய்தவர்; அவருக்கும் இந்தக் கோத்திக்கும் இரத்த உறவு இல்லை. கிளைவ் தரப்பினர் தமக்குக் காட்டியது போலி ஒப்பந்தம் என்பதால் தமக்கு ஒன்றும் கிடைக்காது என்ற செய்தியை அவர் கேட்டது மஹ்தாப் சந்தின் மாளிகையில் என்பதால்தான் இருவரையும் சிலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.